பிளக்கில் ஒட்டிய வெள்ளிப் பொட்டுகள்

என் மேஜையில், பேனாக்களுக்கு நடுவே ஒரு ஸ்பார்க் பிளக் இருக்கிறது. வருகிறவர்கள் ஏதோ கலைப்பொருள் என்று எடுத்துப் பார்க்கிறார்கள். நானும் மறுப்பதில்லை. உண்மை அவ்வளவு அழகில்லை. ஐம்பதைத் தாண்டி, முட்டிக்குத் தைலம் தேய்க்கிற வயதில், கடற்கரை மணலில் ஓடும் நாலு சக்கர வெளிநாட்டு பைக் ஒன்றை நான் வாங்கினேன். சாத்தாங்காட்டில் பழைய இரும்புக்கு நடுவே உயிரில்லாமல் கிடந்தது. டூ-ஸ்ட்ரோக் இன்ஜின். என் வீட்டு ஸ்கூட்டர் மாதிரி இல்லை, பெட்ரோலிலேயே ஆயிலைக் கலந்து ஊற்ற வேண்டும். நான் மறந்தது அந்த ஒன்றைத்தான். மறந்தது மடத்தனம். அதற்குப் பிறகு செய்ததற்கு இன்னும் பெயர் தேடிக்கொண்டிருக்கிறேன்.

இன்ஜினுக்கு உயிர் கொடுத்தவர் தண்டையார்பேட்டையில் பட்டறை வைத்திருந்த மெக்கானிக். எல்லோருக்கும் அவர் பாய். என் வயதுதான். ஆனால் அவர் பனியனில் நின்றாலும் மெக்கானிக்காகத் தெரிவார், நான் எதைப் போட்டாலும் குமாஸ்தாவாகத்தான் தெரிவேன். பாயின் புகழெல்லாம் மூக்கில் இருந்தது. சைலன்சர் பின்னால் குந்தி, புகையை ஒரு இழுப்பு இழுத்து, கார்புரேட்டர் திருகைக் கால் சுற்று திருப்புவார். வண்டி பாடும். "பாய் மூக்குல மீட்டர் கீது மாமு" என்பார்கள். பழைய டூ-ஸ்ட்ரோக் பைக்குகளை விடமுடியாத பைத்தியங்கள் எண்ணூரிலிருந்துகூட அந்த மூக்கைத் தேடி வருவார்கள்.

புது பிஸ்டன் போட்டதும் உடனே ஓட்டிவிட முடியாதாம். சூடாகும்வரை ஓடவிட்டு அணைக்க வேண்டும், கை வைத்தால் ஜில்லென்று ஆகும்வரை காத்திருக்க வேண்டும், மறுபடி சூடாக்க வேண்டும். "புதுச் செருப்பு நைனா. மொத நாளே போட்டுக்கினு திருப்பதிக்கு நடந்தா செருப்பா கிழியும்? காலுதான் கிழியும்." அப்படி ஒருமுறை இன்ஜின் ஆறட்டும் என்று டீக்கடையில் நின்றிருந்தபோது மணலி ரசாயன ஆலைகள் பக்கத்துக் காற்று திரும்பியது. அந்த நாற்றம் தெரிந்தவர்களுக்குத் தெரியும். கடைக்காரர் உட்பட எல்லோரும் மூக்கைப் பொத்தினோம். பாய் மட்டும் பன்னை டீயில் நனைத்து நிதானமாகத் தின்றுகொண்டிருந்தார். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டார்.

"அந்தக் கொரோனா காய்ச்சல்ல வாசனையே போச்சு நைனா, திரும்பி வர்ல. வெளிய வுட்றாத. இத்த வச்சுத்தான் சோறு."

அதற்கப்புறம்தான் கவனித்தேன். சைலன்சர் பின்னால் குந்தி இழுப்பதெல்லாம் வாடிக்கையாளர்களுக்காக. உண்மையில் பிளக்கைக் கழற்றி நிறம் பார்த்தார், காதைச் சாய்த்துச் சத்தம் கேட்டார், டேங்கில் விரலை நனைத்துக் கட்டைவிரலோடு தேய்த்துப் பார்த்தார். பெட்ரோல் பறந்துவிடும், ஆயில் வழவழவென்று நிற்கும்.

வண்டி கைக்கு வந்த நாலாம் நாள் திருவொற்றியூர் கடற்கரையில் பெட்ரோல் தீர்ந்தது. பங்க்கில் வெறும் பெட்ரோலைக் கேனில் வாங்கி வந்து அப்படியே ஊற்றினேன். கடல் காற்று, வேடிக்கை பார்க்க நாலு பேர், அதற்குத் தகுந்த முறுக்கல். சில நிமிஷங்களில் கிறீச்சென்று ஒரு சத்தம். பின்சக்கரங்கள் அப்படியே நின்றன. நான் நிற்காமல் போய் மணலில் விழுந்தேன். மீன்பாடி வண்டியில் அதை ஏற்றிக்கொண்டு போகும்போதுதான் ஆயில் ஞாபகம் வந்தது.

பட்டறையில் கும்பல். பாய் பிளக்கைக் கழற்றினார். பிஸ்டன் உருகித் தெறித்து, பிளக் முனையில் பொடிப் பொடியாய் வெள்ளிப் பொட்டுகள். டேங்கைத் திறந்து விரலை விட்டார், தேய்த்தார், என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஆயில் ஊத்துன இல்ல நைனா?"

"ஊத்தாம ஓட்டுவேனா பாய்?" என்றேன். குரலில் கொஞ்சம் மனவருத்தம்கூடக் காட்டினேன். மூக்கு செத்த மனிதர், விரலை மட்டும் வைத்து உறுதியாகச் சொல்ல மாட்டார் என்ற தைரியம்.

அவர் விரலைப் பேன்ட்டில் துடைத்தார். "அப்போ நம்ம ட்யூனிங்தான் மிஸ்டேக்கு" என்றார், எல்லோர் காதிலும் விழும்படி.

வடசென்னையில் இதைவிட வேகமாகப் பரவுவது வெள்ளம் மட்டும்தான். பாய்க்கு மூக்கு அவுட்டு என்று பேச்சானது. எண்ணூர்ப் பைத்தியங்கள் வேறு பட்டறை பார்த்துக்கொண்டார்கள். நான் ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். வாக்கியம் எழுதியே பிழைக்கிற எனக்கு அது வரவில்லை. பட்டறையை மூடிவிட்டு அவர் ஒரு யார்டுக்கு லாரி ரிப்பேர் வேலைக்குப் போனார். அங்கே ஒருநாள் டேங்கர் ஒன்றில் வாயு கசிந்தது. நாற்றம் வந்ததும் மற்றவர்கள் ஓடிவிட்டார்கள். பாய் லாரிக்கு அடியில் வேலை பார்த்துக்கொண்டே இருந்தாராம்.

அவர் இறந்தபின் அந்த வீட்டுக்குப் போக எனக்கு ஒரு வருஷம் ஆயிற்று. வாசலில் நின்றபடி அவர் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பெரும் பாவியாக நிற்பதில் ஒரு சொகுசு இருக்கிறது. கண்கூடக் கலங்கியது. அந்த அம்மா முழுவதையும் கேட்டுவிட்டுச் சொன்னார்.

"அது அவருக்கு அன்னிக்கே தெரியும் சார். வெரல்ல தொட்டா தெரியாதா? நாலு பேர் முன்னால ஒரு படிச்ச மனுஷன் பொய் சொல்றாரு, அத்த உரிச்சுக் காட்டணுமான்னாரு. அதும் இல்லாம, மூக்கு போனது நெசந்தான? எத்தினி நாளைக்கு நடிக்கிறதுன்னாரு."

உள்ளே போய் ஒரு தகர டப்பாவைக் கொண்டு வந்தார். கிளறி, இந்த பிளக்கை எடுத்து என் கையில் வைத்தார். "உங்களுதுதான். எடுத்து வச்சிருந்தாரு." வெள்ளிப் பொட்டுகள் அப்படியே இருந்தன. இப்போதும் இருக்கின்றன, விரலால் தேய்த்தால் போவதில்லை.

அதற்குள் சமையலறையிலிருந்து மகளின் குரல் கேட்டது: "யாரும்மா வந்துகீறது?"

அந்த அம்மா குரலைத் தாழ்த்தக்கூட இல்லை.

"அவருதாண்டி, நம்ம வெறும் பெட்ரோலு. டீ போடு."