கட்டு போட ஆள் இல்லாத குகை

கரண்ட் போனதும் முதலில் கேட்பது யுபிஎஸ்ஸின் கத்தல்தான். கீ... கீ... என்று பத்து நிமிடம் கத்திவிட்டு அதுவும் ஓய்ந்துவிடும். அப்புறம் சூடான மானிட்டர்களின் பிளாஸ்டிக் வாசனை மட்டும் அறைக்குள் நிற்கும்.

தமிழும் தெலுங்கும் கலந்து பேசும் புத்தூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் நான் வாத்தியாராக இருந்த காலம். தினமும் மத்தியானம் இரண்டு மணி நேரம் கரண்ட் கட். பிள்ளைகள் வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். சொல்லிக்கொடுக்கும் நாங்கள் நாலு பேரும் கிளம்ப முடியாது.

அந்த இரண்டு மணி நேரம்தான் ஆட்டம்.

சீனியர் வாத்தியார் முனிரத்தினம் அண்ணன். அவருடைய மச்சான் பெங்களூரிலிருந்து ஒரு இங்கிலீஷ் விளையாட்டுப் புத்தகத்தை ஜெராக்ஸ் எடுத்து அனுப்பியிருந்தார். மந்திரம், பூதம், ஏழு குகை... போர்டும் கிடையாது, காயும் கிடையாது. அண்ணன் கதை சொல்லுவார், நாங்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அதற்குள் நடப்போம். "எதிர்ல பூதம் நின்னுக்கினு கீது. இன்னா பண்ணப் போறீங்க?" என்பார். வெட்டு விழுந்ததா இல்லையா என்று பார்க்க இருபது பக்கம் உள்ள பகடை வேண்டுமாம். புத்தூரில் அதற்கு எங்கே போவது? காலி ஃப்ளாப்பி டப்பாவில் ஒன்று முதல் இருபது வரை சீட்டு எழுதிப் போட்டுக் குலுக்கினோம்.

பாஸ்கர் வாள்வீரன். நான் திருடன், பூட்டு திறப்பது என் வேலை. ரேவதி வைத்தியக்காரி. புத்தகத்தின்படி அந்தப் பாத்திரம் சாமி கும்பிட்டுக் காயத்தை ஆற்ற வேண்டும். ரேவதி ஒத்துக்கொள்ளவே இல்லை.

"புத்தூர்ல பொறந்துட்டு எலும்பு ஒடஞ்சா சாமி கும்பிட்டுக்கினா இருப்பாங்க? நான் கட்டுதான் போடுவேன்."

கை கால் முறிந்தவர்கள் கட்டு போட்டுக்கொள்ள எங்கெங்கிருந்தோ பஸ் பிடித்து வந்து இறங்கும் ஊராயிற்றே. எங்கள் குகைக்குள்ளும் மூங்கில் பத்தை, முட்டை வெள்ளை, துணி எல்லாம் வந்து சேர்ந்தன. பாஸ்கருக்கு மட்டும் ஆறு முறை கட்டு போட்டிருப்பாள்.

மூன்றாவது குகையில் இருக்கும்போது ரேவதிக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்குக் குவைத்தில் வேலை. இரண்டே மாதத்தில் விசா வந்தது, போய்விட்டாள்.

பாஸ்கரின் வீரனுக்கு உயிர் மூன்று புள்ளிதான் மிச்சம். இன்னொரு அடி விழுந்தால் கதை முடிந்தது. கட்டு போட ஆள் இல்லை. அவள் இடத்தில் எந்தப் பாத்திரத்தைச் சேர்ப்பது என்று மூன்று மத்தியானம் பேசினோம்... சிரிக்காதீர்கள், அவ்வளவு மும்முரமாகத்தான் பேசினோம். எனக்கு ஒரு மந்திரவாதி வேண்டும். பாஸ்கருக்கு யானை வேண்டும். வைத்தியர்தான் தேவை என்பது அண்ணனின் கட்சி. ஆனால் எல்லாரும் வெட்டும்போது பின்னால் நின்று துணி சுற்ற யாருக்குப் பிடிக்கும்?

கடைசியில் அண்ணன் என்னைப் பார்த்தார். "பேசாம திருடன உட்டுட்டு நீயே வைத்தியக்காரன் ஆயிடு."

"சரிங்கண்ணா" என்றேன். அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

"ரேவதி மாரி பாதில போவ மாட்டேன்னு ஒட்டேசி செப்புரா" என்று பாஸ்கர் பாதித் தெலுங்கில் சத்தியம் கேட்டான்.

"காணிப்பாக்கம் பக்கமா திரும்பிச் சொல்லு" என்றார் அண்ணன்.

எங்கள் பக்கத்தில் காணிப்பாக்கம் பிள்ளையார் சத்தியம் என்பது விளையாட்டில்லை. நிலத் தகராறு, திருட்டுப் பழி எதுவானாலும் அங்கே குளத்தில் முழுகி ஈரத்துணியோடு போய் நிற்பார்கள். வாயைத் திறந்தாலே பொய் பேசும் என் சித்தப்பா ஒருமுறை குளத்துப் படியில் கால் வைத்ததும் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு திரும்பி வந்தார்.

என் சட்டைப் பையில் நாலாக மடித்த ஒரு லெட்டர் இருந்தது. பெங்களூர் கம்பெனியில் வேலை, இன்னும் இருபது நாளில் சேர வேண்டும். அந்த வேலைக்கான பரீட்சைக்கு நானும் பாஸ்கரும் ஒரே பஸ்ஸில் போய் வந்தோம். எனக்கு வந்துவிட்டது, அவனுக்கு வரவில்லை. எட்டு நாளாகக் காலையில் வந்ததும் "லெட்டர் வந்துச்சாடா?" என்று கேட்பான். "இன்னும் இல்லடா" என்பேன்.

எட்டு நாள் பொய் சொன்ன என்னால், காணிப்பாக்கம் இருக்கும் மேற்கே திரும்பி "போவ மாட்டேன்" என்று ஒரு முறை சொல்ல முடியவில்லை. லெட்டரை எடுத்து ஃப்ளாப்பி டப்பா மேல் வைத்தேன்.

பாஸ்கர் முழுதும் படித்தான். மடித்துத் திருப்பிக் கொடுத்தான்.

"எனுக்கு வரலன்னா நான் சோறு துன்ன மாட்டேன்னு நெனச்சியாடா?"

அவ்வளவுதான் கேட்டான். எனக்குத் தலை நிமிரவில்லை. அவமானமாக இருந்தது. கரண்ட் வந்ததும் அவன் பாட்டுக்குக் கிளாஸ் எடுக்கப் போய்விட்டான்.

மறுநாள் மத்தியானம் அவனே டப்பாவைக் கொண்டுவந்தான். "வைத்தியக்காரனே வேணாண்ணா, திருடனே இருக்கட்டும். இவன் போறதுக்குள்ள கதைய முடிச்சுடுங்க" என்றான். அண்ணன் ஏழு குகையை நாலாகக் குறைத்தார். நடுவில் காயம் ஆற்றும் குளம் ஒன்றைப் புத்தகத்தில் இல்லாமலே வெட்டினார். நான் கிளம்புவதற்கு முந்தின நாள் திருடன் கடைசிப் பூட்டைத் திறந்தான். வீரன் ஒரு புள்ளி உயிரோடு வெளியே வந்தான்.

பாஸ்கர் இப்போது ஸ்ரீ சிட்டியில் ஒரு ஃபேக்டரியில் சூப்பர்வைசர். பொங்கலுக்குப் பொங்கல் பேசிக்கொள்வோம்.

நான் சிங்கப்பூரில். என் மகள் விளையாடும் கேமில் வைத்தியர் வேண்டும் என்று ஒரு பட்டனை அழுத்துகிறாள். பத்து வினாடியில் எந்த நாட்டிலிருந்தோ ஒருவர் வந்து சேர்கிறார். முடிந்ததும் ஒரு வார்த்தை பேசாமல் போய்விடுகிறார். வசதிதான், குறை சொல்ல ஒன்றுமில்லை.

அந்த பெங்களூர் வேலைக்குப் பிறகு நான் நாலு கம்பெனி மாறிவிட்டேன். ஒவ்வொரு இன்டர்வியூவிலும் எத்தனை வருஷம் எங்களோடு இருப்பீர்கள் என்று கேட்டார்கள். ரிடையர் ஆகும் வரைக்கும் என்று கண்ணைப் பார்த்துச் சொன்னேன். யாரும் சத்தியம் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும்... இங்கிருந்து காணிப்பாக்கம் எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியாது.