மணிமேகலையின் பெஞ்சுக்கு அம்மன் உத்தரவு

மலைமேல் இருக்கும் குண்டனி நாடு என்ற பகுதியில் ஒரு சிற்றூர்ப் பள்ளியின் சத்துணவுக் கூடத்தில் சமையல் உதவியாளராக இருக்கும் பழனியம்மாளுக்கு வேலைகள் இரண்டு. முப்பத்தொரு பிள்ளைகளுக்குச் சோறு பொங்குவது அரசாங்கம் கொடுத்த வேலை. அந்த முப்பத்தொன்றில் ஒரு பிள்ளை சொறிகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பது அவராகத் தேடிக்கொண்ட வேலை. முதல் வேலைக்கு ஞாயிறு விடுமுறை உண்டு, ஓய்வு பெறும் வயதும் உண்டு. இரண்டாவது வேலைக்கு இந்தச் சலுகைகளை யாரும் இன்னும் அறிவிக்கவில்லை.

அந்தப் பிள்ளை அவருடைய மகள் மணிமேகலை. ஒன்பது வயது, நான்காம் வகுப்பு. மூன்று வயதிலிருந்து அவளுக்குக் கரப்பான் என்கிற தோல் அரிப்பு. முழங்கை மடிப்பு, முழங்காலின் பின்புறம், பிடரி, முதுகு என்று அது தனக்குப் பிடித்த இடங்களை முதலிலேயே தேர்ந்தெடுத்து வைத்திருந்தது. கோடையில் ஆள் அரவமே இருக்காது. மார்கழிப் பனி இறங்கியதும், பொங்கலுக்கு வரும் மாப்பிள்ளை மாதிரி நாள் தவறாமல் வந்து இறங்கி, மாப்பிள்ளையைவிட அதிக நாள் தங்கும்.

சமையல் கூடத்தில் புகை போவதற்கென்று ஒரு ஜன்னல் உண்டு. அதன் வழியே பார்த்தால் நான்காம் வகுப்பின் இரண்டாவது பெஞ்சு நேராகத் தெரியும். மணிமேகலையின் கை பிடரிப் பக்கம் போனால், பழனியம்மாள் கரண்டியால் குண்டாவின் விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டுவார். கை இறங்கிவிடும். இது தங்கள் இருவருக்கு மட்டுமே தெரிந்த ரகசிய ஏற்பாடு என்று தாயும் மகளும் நம்பியிருந்தார்கள். ஒரே வாரத்தில், இரண்டு தட்டுச் சத்தம் கேட்டால் முப்பத்தொரு பிள்ளைகளும் அந்த நேரத்தில் செய்துகொண்டிருந்த குற்றத்தை நிறுத்தப் பழகிவிட்டார்கள். மூக்கில் விரல் வைத்திருந்தவன் எடுத்தான். பக்கத்துப் பிள்ளையின் ரப்பரைக் கடித்துக்கொண்டிருந்தவள் திருப்பிக் கொடுத்தாள். தலைமையாசிரியர் அர்த்தனாரி மட்டும் சாப்பாடு தயார் என்று நினைத்துக் கை கழுவ எழுந்து போனார்.

இத்தனைக்கும் அது மிளகு பறிக்கும் காலம். களத்தில் மிளகை மிதித்து உதிர்க்கிற வீடுகளில் பெரியவர் சிறியவர் எல்லோருமே சொறிந்துகொண்டுதான் இருந்தார்கள். ஊரே சொறிந்தால் அது விவசாயம். ஒரு பிள்ளை சொறிந்தால் வியாதி.

செம்மேட்டு ஆஸ்பத்திரிக்கு மாதம் ஒருமுறை வரும் தோல் டாக்டர் பூங்குழலி இதைத் தெளிவாகத்தான் சொல்லியிருந்தார். "இது ஒட்டாதும்மா. தொட்டாலும் ஒட்டாது, பக்கத்துல படுத்தாலும் ஒட்டாது. வரும், போகும், மறுபடி வரும். வளர வளரக் கொறையலாம். அதுவரைக்கும் தோல் காயாம பாத்துக்குங்க." குளித்த ஈரம் உலர்வதற்குள் ஒருமுறை, மத்தியானம் ஒருமுறை, படுக்கும்முன் ஒருமுறை களிம்பு. நகத்தை ஒட்ட வெட்ட வேண்டும். பருத்தித் துணிதான் போட வேண்டும். இத்தனையும் கேட்டுக்கொண்ட பழனியம்மாளின் மனதில் 'ஒட்டாது' என்பது போய் ஓர் ஓரமாக உட்கார்ந்தது. 'மறுபடி வரும்' என்பது நடுவீட்டில் கால் நீட்டிப் படுத்துக்கொண்டது.

மத்தியானக் களிம்பில்தான் சிக்கல். அந்த நேரத்தில் அவர் முப்பத்தொரு தட்டுகளுக்கு நடுவே நிற்பார். "நானே தேச்சுக்கறம்மா" என்றாள் மணிமேகலை.

"முதுகுக்கு எப்படி சாமி எட்டும்?"

"எட்டுதும்மா."

ஒன்பது வருடமாக அந்தக் கையின் நீளத்தைப் பார்த்து வருகிற தாய் இதை நம்பியிருக்கக் கூடாது. ஆனால் டப்பாவில் களிம்பு ஒழுங்காகக் குறைந்துகொண்டு வந்தது. கவலைப்பட வேறு விஷயங்கள் வரிசையில் காத்திருந்ததால் இந்தக் கவலையை அவர் தள்ளி வைத்தார்.

அந்த மார்கழியில் பனி வழக்கத்தைவிடக் கடுமை. மணிமேகலையின் முதுகு வெடித்து, சட்டையில் புள்ளி புள்ளியாக ஈரம் ஒட்டியது. பக்கத்து வீட்டுப் பாப்பாத்தி எட்டிப் பார்த்தார். பாப்பாத்தி பள்ளி மேலாண்மைக் குழுவில் உறுப்பினர். அவருடைய மகள் அருள்மொழி, இரண்டாவது பெஞ்சில் மணிமேகலைக்குப் பக்கத்தில் உட்காருகிறவள்.

"ஏம்புள்ள, அந்த வெள்ளக் களிம்ப இன்னும் எத்தன வருசத்துக்குத் தேய்க்கப் போற? வேப்பந்தழையும் மஞ்சளும் அரச்சுப் பூசி மூணு நாளைக்குத் தண்ணி ஊத்து. அருள்மொழிக்குச் சொறி வந்தப்ப அதுலதான் போச்சு."

சொன்னதோடு நிற்காமல் தழையைப் பறித்து, அரைத்து, கிண்ணத்தோடு கொண்டுவந்தும் கொடுத்தார். பயத்தில் இருக்கிறவர்கள் யார் எதைச் சொன்னாலும் செய்வார்கள். பழனியம்மாளும் பூசினார். திங்கட்கிழமை காலை மணிமேகலை காதோரம் மஞ்சள் தெரிய, பத்தடி தூரத்துக்கு வேப்பிலை மணக்க, இரண்டாவது பெஞ்சில் போய் உட்கார்ந்தாள்.

மலையில் இந்தக் கோலத்துக்கு அர்த்தம் ஒன்றுதான். அம்மை. அம்மை போட்டிருக்கும் வீட்டுக்கு யாரும் போவதில்லை, அந்த வீட்டார் எங்கேயும் வருவதில்லை. வாசலில் வேப்பந்தழை தொங்கும், அதுவே அறிவிப்பு. வாசலில் தொங்க வேண்டியது பெஞ்சில் வந்து உட்கார்ந்து வாய்ப்பாடு சொன்னால் என்ன ஆகும்? ஏழாம் வாய்ப்பாடு முடிவதற்குள் பெஞ்சு காலியானது. பத்து மணிக்குள் நான்கு தாய்மார் தங்கள் பிள்ளைகளை அழைத்துப்போக வந்துவிட்டார்கள். எல்லோருக்கும் முன்னால் வந்தவர் பாப்பாத்தி.

பழனியம்மாள் கரண்டியோடு ஓடி வந்தார். "அக்கா, நீங்கதானுங்களே அரச்சுக் குடுத்தீங்க!"

"ஊட்டுல பூசச் சொன்னேன். பள்ளிக்கூடத்துக்கு அனுப்பச் சொன்னனா?"

பழனியம்மாள் முந்தானையால் மகளின் காதோர மஞ்சளைத் துடைத்தார்.

தலைமையாசிரியர் அர்த்தனாரி நல்ல மனிதர். தினமும் மலையடிவாரத்துப் பேளுக்குறிச்சியிலிருந்து பஸ்ஸில் வளைவு வளைவாக ஏறி வருகிறவர். யார் மனமும் நோகக் கூடாது என்பது அவர் கொள்கை. எனவே மணிமேகலையை நகர்த்தியதைக் கூட 'காற்றோட்டம் கருதி' என்றுதான் சொன்னார். வாசலோரம் தனியாக ஒரு பாய் விரிக்கப்பட்ட பிறகுதான் தாய்மார் தங்கள் பிள்ளைகளை வகுப்பில் விட்டுப் போனார்கள். காற்று உண்மையிலேயே நன்றாக வந்தது, பனியோடு சேர்ந்து.

"நோவு தீர்ற வரைக்கும் ஊட்டுல வெச்சுக்கிட்டா எல்லாருக்கும் நல்லதும்மா. வெள்ளிக்கெழம குழு கூடுது. அவங்க முடிவு பண்ணட்டும். அதுவரைக்கும் வேணும்னா பாயில இருக்கட்டும்" என்றார்.

தீர்கிற வரைக்கும். டாக்டர் சொன்ன 'வரும், போகும், மறுபடி வரும்' என்பதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது பழனியம்மாளுக்குக் கணக்குப் புரிந்தது. தீர்வதற்குள் மகளின் படிப்பு தீர்ந்துவிடும். மரவள்ளிக் கிழங்கு லாரியோடு கீழே போயிருந்த கணவர் சுபாஷுக்குப் போன் போட்டார். "நீ பயப்படாத" என்றார் சுபாஷ். மலையை விட்டு இறங்கியதும் ஆண்களுக்கு எங்கிருந்தோ வருகிற தைரியம் அது.

புதன்கிழமை டாக்டர் வரும் நாள். முதல் பஸ்ஸில் செம்மேட்டுக்குப் போனார்கள். மஞ்சளும் வேப்பிலையும் பட்டுக் காந்திப்போய் இருமடங்கு சிவந்திருந்த முதுகைப் பார்த்து டாக்டர் பூங்குழலி திட்டினார். திட்டி முடித்துவிட்டு, பள்ளிக்கு ஒரு கடிதம் எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தார். கடிதம் ஆங்கிலத்தில் இருந்தது. வீடு வரும்வரை பழனியம்மாள் அதை மடிக்காமல் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டே வந்தார். கொண்டை ஊசி வளைவுகளில் மகளைப் பிடித்துக்கொள்ளக் கை இல்லாமல் போனது.

தலைமையாசிரியர் உதடு அசைய அதை ஒருமுறை படித்தார். "நல்லா எழுதியிருக்காங்க."

"என்னங்க சார் எழுதியிருக்குது?"

"ஒட்டாதுன்னு."

"அப்படின்னா பெஞ்சுல உக்காரலாமுங்களா?"

"அதக் குழுதானம்மா சொல்லணும்."

வெள்ளிக்கிழமை சாப்பாடு முடிந்ததும், பள்ளியை ஒட்டியிருக்கும் மாரியம்மன் கோயில் முன்னால் குழு கூடியது. கடிதம் கைமாறிச் சுற்றி வந்தது. எல்லோரும் முத்திரையைத் தடவிப் பார்த்து, முத்திரை நன்றாக இருப்பதாக ஒப்புக்கொண்டார்கள்.

"டாக்டரம்மா சொன்னா சரித்தானுங்க. ஆனா அவங்க புள்ள இங்கயா வந்து உக்காருது?" என்றார் பாப்பாத்தி.

நியாயமான கேள்வி என்று நாலைந்து தலைகள் ஆடின. அம்மை மாதிரி ஒரு விஷயத்தை அம்மனைக் கேட்காமல் முடிவு செய்வது எப்படி என்று இன்னொரு உறுப்பினர் வேல்முருகன் ஆரம்பித்தார். பூக் கேட்டுவிடலாம் என்று முடிவானது. பூசாரி ராசப்பன் வெள்ளை அரளி ஒன்று, சிவப்பு அரளி ஒன்று எடுத்து, வாழையிலைத் துண்டுகளில் தனித்தனியாக மடித்து நூல் சுற்றினார். இரண்டையும் குலுக்கி அம்மன் காலடியில் வைத்தார். வெள்ளை வந்தால் உத்தரவு, மணிமேகலை பெஞ்சுக்குப் போகலாம். சிவப்பு வந்தால் உத்தரவு இல்லை, வீட்டுக்குப் போகலாம்.

கடிதத்தில் சந்தேகமே இல்லாமல் இருந்த விஷயம், கண்ணெதிரே பாதிக்குப் பாதி ஆகிவிட்டது. வேண்டாம் என்று பழனியம்மாள் அம்மனிடம் எப்படிச் சொல்வது? வருடம் தவறாமல் இதே அம்மனுக்குத்தான் அவர் பொங்கல் வைக்கிறார். மகள் பெஞ்சில் உட்கார வேண்டும் என்று வேண்டிக்கொண்டதும் இதே அம்மனிடம்தான். அம்மன் கடிதத்தைப் படித்தாளா என்பது மட்டும் தெரியவில்லை.

பொட்டலத்தை ஒன்றும் அறியாத ஒரு பிள்ளைதான் எடுக்க வேண்டும் என்பது வழக்கம். "எம்புள்ளயே எடுக்கட்டும்" என்றார் பாப்பாத்தி. வகுப்பிலிருந்து அருள்மொழி அழைத்து வரப்பட்டாள். அவள் கை நீட்டியதும் ராசப்பன் தடுத்தார்.

"இரு கண்ணு. கையில என்ன வழவழன்னு?"

"களிம்புங்க."

"என்ன களிம்பு?"

"மணிமேகலை களிம்பு. முதுகுல தேச்சு விட்டேன். அவளுக்கு எட்டாதுங்க."

பாப்பாத்திதான் முதலில் வாயைத் திறந்தார். "எப்ப இருந்துடி?"

"ஆயுதபூச லீவு முடிஞ்சதுல இருந்து. தெனமும் தண்ணித் தொட்டிக்குப் பின்னால."

"பாயில உக்கார வெச்ச பின்னாலயுமா?"

"அப்பறம்? பாயில உக்காந்தா மட்டும் முதுகு எட்டுமா?"

பாப்பாத்தி மகளின் இரண்டு கைகளையும் பிடித்து வெயிலுக்குத் திருப்பினார். விரல் இடுக்கு, மணிக்கட்டு, முழங்கை, பிடரி, முழங்காலின் பின்புறம் எல்லாம் ஆராய்ந்தார். மிளகுக் கறுப்பும் பேனா மையும் இருந்தன. வேறு ஒன்றும் இல்லை. வேல்முருகன் தொண்டையைச் செருமினார்.

"ஏனுங்க சார், அப்படின்னா ரெண்டு பாய் போடணுமுங்களே?"

அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. குழு எடுத்த முடிவு எல்லோருக்கும் பொது என்ற கடமை உணர்ச்சியில் கேட்டார். பாப்பாத்தி அவர் பக்கம் திரும்பிய வேகத்தில் ராசப்பன் விபூதித் தட்டை நகர்த்தி வைத்துக்கொண்டார்.

"எதுக்குங்க பாய்? எம்புள்ள கையப் பாருங்க! மூணு மாசம் தேச்சிருக்குது, ஒரு பொட்டு இருக்குதா? ஒட்டாதுன்னு டாக்டரம்மாதான் எழுதிக் குடுத்திருக்குதே, முத்திர வேற குத்தி! படிச்சவங்க பொய்யா எழுதுவாங்க? ஏனுங்க சார், கையிலயே வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கறீங்களே, எல்லாருக்கும் கேக்கற மாதிரி படிங்க!"

தலைமையாசிரியர் எழுந்து நின்று, வரி வரியாகத் தமிழில் சொன்னார். ஒட்டாது என்ற இடம் வந்ததும், பாப்பாத்தி அதை மட்டும் இன்னொருமுறை படிக்கச் சொன்னார். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. மணிமேகலை இரண்டாவது பெஞ்சிலேயே உட்காரலாம். முன்மொழிந்தவர் பாப்பாத்தி. நன்றி சொல்ல வாயைத் திறந்தால் அழுகை வந்துவிடும், அழுதால் மறுபடி யாராவது யோசனை சொல்ல வருவார்கள் என்று பழனியம்மாள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார்.

ஆட்கள் எழுந்த பிறகு ராசப்பன் தயங்கினார். "அம்மன் முன்னால வெச்ச பூவுங்க. என்ன வந்திருக்கும்னு பிரிச்சுப் பாத்துரலாமுங்களா?"

"எதுக்குங்க சாமியத் தொந்தரவு பண்ணிக்கிட்டு?" என்றார் பாப்பாத்தி, மகளின் கையை விடாமல்.

பிரிக்காத பூவை ஓடும் தண்ணீரில்தான் விட வேண்டும். "நான் கொண்டுபோய் விட்டுர்றனுங்க" என்று பழனியம்மாள் இரண்டு பொட்டலங்களையும் வாங்கிக்கொண்டார்.

நாலு மணிக்குப் பள்ளி விட்டதும் மகளோடு ஓடைக்குப் போனார். உள்ளங்கையில் பொட்டலங்கள் இரண்டும் ஒரே கனமாக இருந்தன.

"எதுலம்மா வெள்ளப் பூ?"

"தெரியாது சாமி."

"பாக்கலாமா?"

பழனியம்மாள் குனிந்து இரண்டையும் தண்ணீரில் விட்டார். ஒன்று நேராகப் போய்விட்டது. இன்னொன்று நாலடி தள்ளி இரண்டு கல்லுக்கு நடுவே சிக்கிச் சுழன்றது. நூல் நெகிழ்ந்து, இலையின் ஒரு மூலை மெல்லப் பிரிய ஆரம்பித்தது. பழனியம்மாள் சேலையைத் தூக்கிப் பிடிக்கவும் நேரமில்லாமல் முழங்கால் ஆழத்துக்கு இறங்கினார். முகத்தை வேறு பக்கம் திருப்பி, கண்ணை இறுக மூடிக்கொண்டு, கையால் துழாவி அதைத் தள்ளி விட்டார். கண்ணைத் திறக்காமலே, அது போய்விட்டதா என்று கேட்டார்.

"போயிருச்சும்மா" என்றாள் மணிமேகலை கரையிலிருந்து. "ஏம்மா கண்ண மூடிக்கிட்ட?"

"தண்ணி தெறிச்சுது."