ஷேர் ஆட்டோவில் பேசிய டேப்லெட்

எழுத்து பெரிதாகத் தெரியும் என்றுதான் போனுக்குப் பதில் அந்த மலிவு டேப்லெட்டை வாங்கினேன். சிம் போட்டுப் பேசலாம். ஆனால் காதில் வைத்தாலும் குரல் ஸ்பீக்கரில்தான் வரும், சுற்றியிருப்பவர்களுக்கெல்லாம் கேட்கும்.

மார்பில் ஒரு கட்டி. அதிலிருந்து சதை எடுத்துப் பரிசோதனைக்குக் கொடுத்திருந்ததை வீட்டில் சொல்லவில்லை. முடிவு சொல்ல ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு, திருவொற்றியூரிலிருந்து ராயபுரம் போகும் ஷேர் ஆட்டோவில் இருக்கும்போது வந்தது. விட்டால் திரும்பக் கூப்பிடுவார்களோ மாட்டார்களோ என்ற பயத்தில் எடுத்துக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"இன்னாக்கா, சிலேட்ட தூக்கிகினு இஸ்கூலுக்கா போற?" என்றார் டிரைவர். எல்லோரும் சிரித்தார்கள். ஆறாவதோடு பள்ளியை விட்டவள் நான். எனக்கும் சிரிப்பு வந்தது.

"உங்க மார்புக் கட்டி ரிசல்ட் வந்திருக்கும்மா" என்றது டேப்லெட்.

சிரிப்பு நின்றது. டிரைவர் பாட்டை அணைத்து வண்டியை ஓரங்கட்டினார். பின்னால் கண்டெய்னர் லாரி ஹாரன் அடித்தது.

"பயப்பட ஒண்ணுமில்ல. சாதாரணக் கொழுப்புக் கட்டிதான்."

பக்கத்தில் மீன்கூடையோடு இருந்த ஒரு அம்மா என் தொடையில் தட்டினாள். "அதான் ஒண்ணியும் இல்லன்ட்டாங்கல்ல, இன்னாத்துக்கு அழுவுற? வூட்ல சொன்னியா?"

இல்லை என்று தலையாட்டினேன். வீட்டில் யாரையும் பயமுறுத்தக்கூடாதென்று மூன்று வாரம் தனியாகப் பயந்திருக்கிறேன்.

"மொதல்ல வூட்டுக்கு போன் போடுக்கா" என்றார் டிரைவர். "அவங்க சொல்றத நாங்களும் கேட்டுட்டு அப்பால போறோம்."

கணவரின் எண்ணை அழுத்தினேன். வண்டி ஓரமாகவே நின்றது.