ஓரம் வெளுத்த பவளம்

சாத்தூரில் ஒரு தனியார் மருத்துவமனையின் டயாலிசிஸ் பிரிவில் பதினெட்டு வருடமாக நர்ஸ், ஞானபூரணி. பயிற்சிக்காகச் சென்னை போயிருந்தபோது ஒரு டாக்டரின் அறையில் கடல் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தவள், அதை விட்டு நகர மாட்டாமல் நின்றாள். இரண்டு வருடம் படித்து, விசாரித்து, சிவகாசி வீட்டின் முன்னறையில் தானும் ஒரு நாலடித் தொட்டி வைத்தாள். நம் கடலிலிருந்து பவளம் ஒரு விரலளவு எடுத்தாலும் குற்றம் என்பதால், வெளிநாட்டுப் பண்ணையில் வளர்ந்த துண்டுகளை உரிய காகிதங்களோடு பெங்களூரிலிருந்து வரவழைத்தாள்.

கல் பவளம் தன் எலும்பைத் தானே கட்டிக்கொள்ளும் உயிர். அதற்கு வேண்டிய கால்சியமும் பைகார்பனேட்டும் தினமும் தண்ணீரில் சேர்ந்துகொண்டே இருக்க வேண்டும். பூரணி சுத்தமான சுண்ணாம்புத் தூளைத் தண்ணீரில் கலக்கி, தெளிந்ததை மட்டும் ஒரு கேனில் ஊற்றி, மெடிக்கலில் வாங்கிய ட்ரிப் செட்டை மாட்டிச் சொட்டுச் சொட்டாகத் தொட்டியில் விடுவாள். அவளுக்குத் தொடர்ந்து காலை ஷிப்ட் விழுந்ததிலிருந்து அது கணவர் சவரிராஜின் வேலை. அவர் ஆப்செட் அச்சகத்தில் மெஷின்மேன். காலண்டர்ப் படங்களின் நிறம் பிசகாமல் பார்ப்பவர். தொட்டிமேல் பெரிய ஈடுபாடு கிடையாது. மனைவி சொன்னால் செய்வார்.

போன மே மாதம் அவர்தான் முதலில் கவனித்தார்.

"பூரணி, அந்தத் தட்டுப் பவளத்துல பச்சை மங்கியிருக்கு."

வெயில்தான் காரணம் என்று நினைத்தாள். ஐஸ் நிரப்பிய பாட்டில்களை மிதக்கவிட்டாள், தொட்டிக்கு மேலே ஃபேன் ஓடவிட்டாள். சூடு இறங்கியது. உப்பும் சரியாகவே இருந்தது. பவளம் மட்டும் தேறவில்லை. ஒரு வாரம் கழித்து, அச்சுப் புள்ளிகளைப் பார்க்கும் லென்ஸை அச்சகத்திலிருந்து கொண்டுவந்த சவரிராஜ், கண்ணாடியோடு ஒட்டி வைத்துப் பார்த்துவிட்டு அவளைக் கூப்பிட்டார். ஓரமெல்லாம் சதை பின்வாங்கி, வெள்ளை எலும்பு தெரிந்தது.

பூரணி நர்ஸாகவே யோசித்தாள். ஒரு நோயாளி இப்படி வாடினால் முதலில் என்ன கேட்பாள்? பைகார்பனேட் எவ்வளவு என்றுதான். மருத்துவமனையில் நாள் தவறாமல் பார்க்கும் அதை, வீட்டுத் தொட்டியில் மூன்று மாதமாகப் பார்க்கவில்லை. அதை அளக்கும் சோதனை மருந்து தீர்ந்துபோயிருந்தது. இரண்டு வருடமாக அசையாமல் நின்ற அளவுதானே என்று வாங்காமல் விட்டிருந்தாள். கூரியரில் மருந்து வர நாலு நாள் ஆனது. எட்டுப் புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் ஐந்தரை காட்டியது.

சுண்ணாம்பு நீர் ஒருநாள்கூட நிற்கவில்லையே என்று சுண்ணாம்புத் தூள் டப்பாவை எடுத்தாள். மூடி தொட்டதும் கையோடு வந்தது. ஒரு ஸ்பூன் தூளை வினிகரில் போட்டதும் புஸ்ஸென்று நுரைத்தது. நல்ல சுண்ணாம்பு நுரைக்காது. காற்றுப்பட்டு வீரியம் போய், சாக்பீஸ் பொடிபோல ஆனதுதான் நுரைக்கும்.

சவரிராஜின் முகம் வாடிவிட்டது.

"மூடி ரொம்ப இறுக்கமா இருந்துச்சு. தெனமும் தொறக்கச் சங்கடமா இருக்குன்னு சும்மா மேலாப்புல வச்சிருந்தேன். நாந்தான் கெடுத்துப்புட்டேன்."

"நீங்க எங்கன கெடுத்தீக? டெஸ்ட் பண்ணாம விட்டது நானு. நீங்க பாக்கலைன்னா அம்புட்டும் போயிருக்கும்."

இனி அதைத் தொடவே மாட்டேன் என்றார். அவள் விடவில்லை. புதுத் தூள் வாங்கி, வாரத்துக்கு ஒன்றாகச் சின்னச் சின்னத் திருகு மூடி பாட்டில்களில் பிரித்து அவர் கையிலேயே கொடுத்தாள். குறைந்துபோன அளவை ஒரே நாளில் ஏற்றினால் பவளம் தாங்காது. சமையல் சோடாவைக் கரைத்து நாளுக்கு அரைப் புள்ளியாக ஏற்றினாள். இன்னும் கொஞ்சம் போடலாமே என்று தினமும் கேட்டவர் அவர்தான்.

சதை திரும்ப மூட இரண்டு மாதம் ஆனது. கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு மூலை மட்டும் மீளவில்லை. பாசி பிடித்த அந்தத் துண்டைப் பூரணி வெட்டி எடுத்துவிட்டாள்.

ஆகஸ்டில் ஒரு ஞாயிறு காலை, மாதா கோயில் பூசைக்குக் கிளம்பும்போது பவளத்தின் விளிம்பில் வெளிர் ஊதாவாக ஒரு கோடு ஓடுவதைச் சவரிராஜ் கண்டார். பயந்துபோய்க் கேட்டதற்கு, வளரும் ஓரத்துக்கு அதுதான் நிறம் என்றாள் பூரணி. அந்த ஊதாவைக் கொண்டுவர எந்த மையில் எதைக் கலக்கலாம் என்று அவர் யோசித்தபடியே நின்றார். அவளும் பக்கத்தில் நின்றாள். இருவரும் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது பிரசங்கம் பாதி முடிந்திருந்தது.