ஐந்தாவது நட்டு

வாகனச் சில்லில் நட்டு இறுகினால் என்ன செய்வது என்று கராச்சில் புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள் கேட்பார்கள். வழி லேசு. மூலை மழுங்கின நட்டின் மேல் ஒரு சைஸ் சிறிய சொக்கெட்டை வைத்துச் சுத்தியலால் அடித்து ஏற்றித் திருப்பவேண்டும். மசியாவிட்டால் காஸ் பிடித்துச் சூடாக்கவேண்டும். இரண்டும் நடக்காத ஒரு நாளைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

சண்டைக்காலம். பாலையூற்றில் இருந்த என் கராச்சுக்கு யோகன் சைக்கிளில் வந்தார். சல்லி ஊர்க்காரர். கடலுக்குப் போகத் தடை போட்டதும் வள்ளத்தை விற்று, மீன் வான் வாங்கி ஓடியவர். அந்த வான் துறைமுக மதிலோரம் படைக்காரரின் காவல் சென்றிக்கு முன்னால் நின்றுவிட்டதாம். பின்சில்லு சுற்றவில்லையாம். பொழுதுபட முன் எடுக்காவிட்டால் குண்டு வைத்த வான் என்று வெடிவைத்துத் தகர்ப்பார்களாம்.

"அண்ணை, இதுவும் போனா நாங்கள் என்னத்தைத் தின்னுறது?" என்றார்.

காஸ் சிலிண்டரைச் சோதனைச்சாவடி தாண்ட விடமாட்டார்கள். ஸ்பானர், சுத்தியல், வாள் கிடந்த ஆயுதப் பெட்டியை மட்டும் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனேன். பிரேக் சூ உடைந்து, சில்லுக்குப் பின்னாலுள்ள டிரம்முக்குள் சிக்கியிருந்தது. சில்லையும் டிரம்மையும் கழற்றித் துண்டை எடுத்தால் வீடுவரை ஓட்டலாம். நான்கு நட்டு வந்தது. ஐந்தாவது அசையவில்லை. மீனுக்குக் குளிர் கூட ஐஸோடு உப்புப் போடுவார்கள். அந்த உப்புத்தண்ணீர் வழிய யோகன் வானின் தட்டில் போட்ட ஓட்டை சரியாக அந்தச் சில்லுக்கு மேலே இருந்தது; நட்டுத் துருவேறிக் கிடந்தது.

சொக்கெட்டில் ஒரு அடி அடித்தேன். மண்மூடைக்குப் பின்னாலிருந்து துவக்கின் குழல் நீண்டது. காலையில் வேறொரு சென்றிக்கு யாரோ குண்டு எறிந்திருந்தார்கள். சத்தம் வேண்டாம் என்று காவலில் நின்ற சிப்பாய்ப் பெடியன் சுத்தியலை வாங்கி வைத்துக்கொண்டான்.

இறுகின நட்டைச் சத்தமில்லாமல் எப்படிக் கழற்றுவது? இரும்பு அரியும் வாளால் அரிந்தோம். நானும் யோகனும் மாறி மாறி அரிந்தோம். பிளேட்டுகள் முறிந்தன. யோகன் வெயில் இறங்குவதையே பார்த்தார். கடைசியில் நட்டுப் பிளந்து சில்லு கையோடு வந்தது. டிரம் மட்டும் துருவில் ஒட்டியிருந்தது. தட்டினால் வந்துவிடும்.

"தம்பி, ரெண்டு அடிதான். சுத்தியலைத் தாங்கோ," என்று கெஞ்சினேன்.

"ஏலாது ஐயா. நேரம் முடிஞ்சுது," என்றான் பெடியன்.

எங்களைச் சந்திவரை கலைத்தார்கள். பின்னேரம் முழுக்கச் சத்தம் வேண்டாம் என்றவர்கள் வானுக்கு வைத்த வெடியில் சந்திக் கடைக் கண்ணாடியெல்லாம் அதிர்ந்தது. எனக்கு அழுகை வந்தது. யோகன் அழவில்லை. கழற்றிய சில்லைக் கைவிடாமல் கொண்டுவந்திருந்தார். அதைச் சைக்கிள் காரியரில் வைத்துக் கட்டினார்.

"டயர் புதுசு அண்ணை," என்றார். "போட்டு ஆறு மாசம்தான்."

அன்றிலிருந்து என்னிடம் வரும் எந்த வாகனமானாலும், கேளாமலே நட்டு ஏறும் ஸ்டட்டுக்குக் கிரீஸ் பூசிவிடுகிறேன். நான் படித்தது அவ்வளவுதான். யோகனுக்கு அதால் ஒரு பிரயோசனமும் இல்லை.