சேணம் கட்டிய ஜீப்

எங்கள் ஜீப் வந்திறங்கிய நாளில் ஓடைப்பட்டிப் பள்ளிக்கூடத்தில் பாதி வகுப்பு காலியாகிவிட்டது. விரட்டிப் பிடிக்க வந்த வாத்தியாரும் கடைசியில் பிரம்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கூட்டத்தோடு நின்றுவிட்டார். ராணுவத்தில் ஓடித் தேய்ந்து, கழித்து ஏலத்தில் விட்ட வண்டி அது. பச்சைப் பெயிண்ட் செதில் செதிலாக உரிந்திருந்தது. கூரை இல்லை, கதவு இல்லை. முன்பக்க விளக்குகளில் ஒன்று கொஞ்சம் கீழே பார்த்தபடி இருந்ததால் வண்டி யோசனையில் இருப்பதுபோலத் தெரியும். எனக்குப் பத்து வயது. அதைவிட அழகான ஒன்றை நான் அதுவரை பார்த்ததில்லை.

வந்தது ஒரு ஜீப் இல்லை, இரண்டு. என் சித்தப்பாவும் அவருடைய சிநேகிதரும் சேர்ந்து போய் ஆளுக்கொன்றாக ஏலம் எடுத்து, ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். சிநேகிதருக்குச் சொந்த ஊர் கம்பம். நாங்கள் கம்பத்து மாமா என்போம். ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டே கடைத்தெருவில் மூன்று சுற்றுச் சுற்றினார்கள். கம்பத்து மாமா என்னைத் தூக்கிப் பானெட்மேல் உட்கார வைத்து, "மகாராணிக்கு வழி விடுங்கலே!" என்று கத்தினார். தொடை சுட்டுப்போனது. ஆனாலும் இறங்க மாட்டேன் என்று அழுதேன்.

எங்கள் ஜீப் திராட்சைக் கூடைகளைச் சுமந்தது. கம்பத்து மாமாவின் ஜீப், மலைக்கு மேலே ஏலக்காய்த் தோட்டங்களுக்கு வேலைக்குப் போகும் பெண்களைச் சுமந்தது. விடிகிற நேரத்தில் அடிவாரத்தில் ஏறினால், ஒருத்தி மடியில் ஒருத்தியாக, பக்கவாட்டில் தொங்குபவர்களும் சேர்ந்து, கொண்டை ஊசி வளைவுகளில் ஊர்ந்து மேலே போவார்கள். அப்போது எல்லா ஜீப்புகளும் அப்படித்தான் போயின.

ஒருநாள் காலையில் அந்த ஜீப் மலைப்பாதையில் கவிழ்ந்தது. கம்பத்து மாமாவும் அவரோடு வந்த இரண்டு பெண்களும் அந்த இடத்திலேயே இறந்துபோனார்கள்.

சித்தப்பா அங்கே போய்விட்டு மறுநாள்தான் திரும்பி வந்தார். எட்டு நாட்கள் எங்கள் ஜீப் தொழுவத்துக்குப் பக்கத்தில் நின்றபடியே நின்றது. கோழிகள் ஏறி உட்கார ஆரம்பித்தன. "வித்துத் தொலைடா அந்தச் சனியன. ரெண்டும் ஒரே எடத்துல வாங்குனது" என்றார் பெரியப்பா. அம்மாவும் அதையே சொன்னாள். இறந்தவர்களுக்காக அழுத அதே கண்களால், ஜீப்பை விற்றுவிடுவார்களோ என்றும் நான் அழுதேன்.

ஒன்பதாம் நாள் சித்தப்பா நான்கு சக்கரங்களையும் கழற்றிவிட்டார்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் நடந்ததெல்லாம் எனக்குத் திருவிழாதான். தேனியிலிருந்து ஒரு மெக்கானிக் வந்தார். பிரேக் முழுவதையும் பிரித்து, பழைய ரப்பர், பழைய குழாய் எல்லாவற்றையும் தூக்கி எறிந்துவிட்டுப் புதிது போட்டார். கிணற்று மோட்டாருக்கு வாங்கி வைத்திருந்த இரும்புக் குழாயைச் சித்தப்பா பட்டறைக்கு எடுத்துப்போய், இரண்டு பெரிய வளையங்களாக வளைத்து, ஜீப்பின் குறுக்கே தலைக்கு மேலே வரும்படி பற்றவைத்துக் கொண்டுவந்தார்.

"கவுந்தா மேல ஒண்ணும் இல்ல. புடிக்கவும் ஒண்ணும் இல்ல" என்று அம்மாவிடம் சொன்னார். அந்த விபத்தைப் பற்றி அவர் வாயிலிருந்து வந்தது அது மட்டும்தான்.

ஊர் சிரித்தது. பந்தல் போட்டாச்சு, வாழைமரம் எப்போது கட்டுவீர்கள் என்று கேட்டார்கள். சிரிப்பு அடங்குவதற்குள் அடுத்தது வந்தது. குதிரை வண்டிகளுக்குச் சேணம் தைக்கிற ஒருவரிடம் சொல்லி, கொக்கி வைத்த ஆறு தோல் பட்டைகள் தைத்து வாங்கி, ஒவ்வொரு இருக்கையிலும் போல்ட் போட்டு முடுக்கினார். உட்காருகிறவர்கள் இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டுமாம். ஆறு பட்டை, ஆறு பேர். ஏழாவது ஆள் ஏறினால் வண்டி எடுக்க மாட்டாராம்.

"மனுசருக்குச் சேணம் கட்டிக் கூட்டிட்டுப் போறத இங்கனதான் பாக்குறேன்" என்றாள் அம்மா.

எனக்கு அந்த ஆறு பட்டைகளையும்விடப் பெரிய பரிசு ஒன்று கிடைத்தது. உத்தியோகம்! தினமும் காலையில் வண்டியைச் சோதிக்கிற வேலையைச் சித்தப்பா எனக்குக் கொடுத்தார். அடியில் நுழைந்து வரும் அளவுக்குச் சிறிய உடம்பு வீட்டில் என்னுடையதுதான். சாக்கை விரித்து மல்லாந்து படுத்து, உள்ளே நகர்ந்து, நான்கு சக்கரங்களின் உட்பக்கத்தையும் விரலால் தடவிப் பார்க்க வேண்டும். பிசுபிசுப்பாக ஈரம் இருந்தால் பிரேக் ஆயில் கசிகிறது என்று அர்த்தம். டயரில் கல் சிக்கியிருக்கிறதா, விளக்கு எரிகிறதா, ஹாரன் அடிக்கிறதா, எல்லாம் பார்த்து வந்து நிமிர்ந்து நின்று, "எல்லாம் சரி!" என்று சொல்ல வேண்டும். நான் சொன்னால்தான் சாவி திரும்பும்.

"இன்ஸ்பெக்டரம்மா சொல்லிட்டாக. இனி கெளம்பலாம்" என்பார் சித்தப்பா. என் தலை கிர்ரென்று சுற்றும். பள்ளிக்கூடத்துக்கு எண்ணெய்க் கறையோடுதான் போவேன். கழுவவே மாட்டேன்.

சித்திரை வந்தது. வீரபாண்டித் திருவிழாவுக்கு இந்த வருஷம் ஜீப்பில் போகிறோம் என்று சித்தப்பா சொன்ன நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ராட்டினம், ஆற்றுக் குளியல், மரக் கிணற்றுக்குள் மோட்டார் சைக்கிள் விடுகிறவன், அக்கினிச் சட்டி, எல்லாவற்றையும் தம்பிக்கு ஒன்றுக்கு மூன்றாகச் சொல்லி வைத்திருந்தேன். வகுப்பில் இருபது பேரிடமாவது, நான் சித்தப்பாவுக்குப் பக்கத்தில் முன் சீட்டில் போவேன் என்று சொல்லியாகிவிட்டது. கருநீலப் பட்டுப்பாவாடை தைத்து வந்திருந்தது.

அன்று காலை, வாசலில் எல்லோரும் தயாராக நின்றபோது, நான் பழைய பாவாடையோடு வண்டிக்கு அடியில் புகுந்தேன். முன் சக்கரங்கள் இரண்டும் காய்ந்திருந்தன. பின்னால் இடது சக்கரமும் அப்படியே. வலது சக்கரத்தின் உட்பக்கம் விரலை வைத்தேன். வழுக்கியது.

முகர்ந்து பார்த்தேன். பிரேக் ஆயில்தான்.

அப்படியே மல்லாந்து கிடந்தேன். வெளியே தம்பி குதிப்பது தெரிந்தது. சொன்னால் வண்டி கிளம்பாது. மெக்கானிக் தேனியிலிருந்து வர மதியம் ஆகும், சாயங்காலமும் ஆகும். எல்லோரும் பஸ்ஸில் நெருக்கிக்கொண்டு போவோம். கொஞ்சம்தானே ஈரம்? முந்தைய நாள் வேலையில் பட்டதாகக்கூட இருக்கலாமே? தாவணி கட்டாத அந்த வயதில் மனசுக்குள் அவ்வளவு வக்கீல்கள் எங்கிருந்துதான் வந்தார்களோ. விரலைச் சாக்கில் துடைத்துவிட்டு வெளியே வந்தேன்.

"எல்லாம் சரி" என்றேன்.

சித்தப்பா பெடலை ஒருமுறை மிதித்துப் பார்த்தார். அது உறுதியாகத்தான் நின்றது. நான் ஓடிப்போய்ப் பட்டுப்பாவாடையை மாற்றிக்கொண்டு வந்தேன்.

அப்பா ஏழாவது ஆள் என்பதால் பஸ்ஸுக்குப் போய்விட்டார். பின்னால் அம்மா, சித்தி, தம்பி, பெரியப்பா. முன்னால் நானும் சித்தப்பாவும். பெரியப்பாவுக்கு முன் சீட்டு கிடைக்காததே பெரிய அவமானம். அதன்மேல் பட்டையையும் கட்டச் சொன்னதும் வெடித்துவிட்டார்.

"நான் என்ன மாடாடா? கட்ட மாட்டேன். வண்டிய எட்றா!"

"கட்டுங்கண்ணே, எடுக்குறேன்."

"கட்ட முடியாதுங்கிறேன்ல!"

சித்தப்பா சாவியைக் கையில் வைத்துக்கொண்டு ஸ்டீயரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார். கால் மணி நேரம். தெருவே கூடி வேடிக்கை பார்த்தது. கடைசியில் பெரியப்பா, கல்யாண வீட்டில் கறி இல்லை என்று கேள்விப்பட்டவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, பட்டையை இழுத்துக் கொக்கியை மாட்டினார். வண்டி கிளம்பியது.

அந்தக் காற்றை இன்னும் என்னால் சொல்ல முடியும். இரண்டு பக்கமும் கல்தூண் ஊன்றிய திராட்சைப் பந்தல்கள் ஓடின. தூரத்தில் மலை நீலமாக எங்களோடு கூடவே வந்தது. தம்பி, எதிரே வருகிற மாட்டு வண்டிக்கெல்லாம் கைகாட்டினான். சித்தியின் பூ பறந்து பெரியப்பா மூக்கில் விழுந்தது. நான் ஈரத்தை மறந்தே போனேன்.

சின்னமனூர் போகும் வழியில் பாதை ஒரு மேட்டில் ஏறி, ஓடைப் பள்ளத்துக்குள் இறங்கும். மேட்டுக்கு முன்னால் ஆடுகள் குறுக்கே வந்தன. சித்தப்பா பிரேக்கை மிதித்தார். மறுபடி மிதித்தார். மூன்றாவது தடவைதான் வண்டி தயங்கி நின்றது. ஆடு மேய்ப்பவனோடு பேசிக்கொண்டே மிதித்ததால் அவர் அதைக் கவனிக்கவில்லை. நான் அவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வண்டி மேடேறியது. உச்சியில், கீழே பள்ளம் முழுவதும் தெரிந்தது. திருவிழாவுக்குப் போகிற மூன்று கூண்டு வண்டிகள் குறுக்கே நின்றன. மஞ்சள் சேலையில் பெண்களும் குழந்தைகளும் பாதையை அடைத்து நடந்துகொண்டிருந்தார்கள்.

"சித்தப்பா! பின் சக்கரத்துல ஆயில் கசியுது! காலையிலயே பாத்தேன்! பிரேக்கு இல்ல சித்தப்பா!"

எஞ்சின் சத்தத்தில் அது பின்னால் இருந்தவர்களுக்குக் கேட்கவில்லை. சித்தப்பா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர் கை கியரில் பாய்ந்தது. வண்டி கர்ரென்று அலறி ஒரு குலுக்குக் குலுக்கியது. இன்னொரு கியர், இன்னொரு அலறல். கையால் இழுக்கிற பிரேக்கையும் வேரோடு பிடுங்குவதுபோல இழுத்தார். வேகம் குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. கால்பிரேக் பலகையோடு ஒட்டிக்கொண்டது. ஹாரனை அழுத்தியபடி, வண்டிகளுக்கு இருபதடி முன்னால், ஸ்டீயரிங்கை இடதுபக்கம் ஒடித்தார்.

ஜீப் பாதையை விட்டு உழுத சோளக்காட்டு வரப்பில் ஏறியது. என் பக்கம் மேலே மேலே போனது. வானம் தெரிந்தது. அப்புறம் மெதுவாக, யாரோ படுக்க வைப்பதுபோல, வண்டி வலதுபக்கம் சாய்ந்து விழுந்தது. இரும்பு வளையம் மண்ணில் குத்தி நின்றுவிட்டது. அதற்கு மேல் உருளவில்லை.

எஞ்சின் அணைந்தது. நான் இடுப்புப் பட்டையில், சித்தப்பாவின் தலைக்கு மேலே, பல்லி மாதிரித் தொங்கிக்கொண்டிருந்தேன்.

"எல்லாரும் இருக்கீகளா?" சித்தப்பாவின் குரல் கீழேயிருந்து வந்தது. "ஒவ்வொருத்தரா சொல்லுங்க!"

அம்மா சொன்னாள். சித்தி சொன்னாள். தம்பி, "இன்னொரு தடவ, சித்தப்பா!" என்றான்.

பெரியப்பாவிடமிருந்து சத்தமே வரவில்லை. சித்தி வீறிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து, "இருக்கேன், இருக்கேன். மொதல்ல இந்தக் கொக்கிய எவனாச்சும் கழட்டுங்கடா" என்று ஒரு குரல் கேட்டது.

கூண்டு வண்டிக்காரர்களும் மஞ்சள் சேலைப் பெண்களும் ஓடிவந்து எங்களைப் பழம் பறிப்பதுபோல ஒவ்வொருவராகப் பறித்து எடுத்தார்கள். சித்தப்பாவின் முழங்கைத் தோல் வழன்றிருந்தது. அம்மாவுக்கு நெற்றியில் ஒரு வீக்கம். அவ்வளவுதான். பெரியப்பா, கூடியிருந்தவர்களிடம் பட்டையை இழுத்து இழுத்துக் காட்டி, "குதிரச் சேணம்யா! நான்தான் எல்லாரையும் கட்டச் சொன்னேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு தம்பியிடம் குனிந்து, தனக்குக் கை நடுங்குகிறதா என்று பார்க்கச் சொன்னார்.

"என்னலே ஆச்சு வண்டிக்கு?" என்று அவர் கேட்டபோது நான் சித்தப்பாவைப் பார்த்தேன்.

"காலையில நான் சரியாப் பாக்கல, அண்ணே. என் தப்பு" என்றார் சித்தப்பா.

எங்களைக் கூண்டு வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு அவர் மட்டும் ஜீப்போடு இருந்துகொண்டார். நான் வீரபாண்டி போனேன். ராட்டினத்தில் ஏறினேன். மோட்டார் சைக்கிள்காரன் கிணற்றுச் சுவரில் சுற்றியபோது எல்லோரும் கத்தினார்கள். நான் எட்டிப்பார்த்து, இவன் காலையில் சக்கரத்தைத் தடவிப் பார்த்திருப்பானா என்று நினைத்தேன். எனக்கு வயிறு வலிக்கிறது என்று சொல்லி, பொழுது இறங்குவதற்குள் எல்லோரையும் கிளப்பிவிட்டேன்.

வீட்டுக்கு வந்தபோது, இரண்டு ஜோடி மாடுகள் இழுத்துவந்த ஜீப் தொழுவத்துக்குப் பக்கத்தில் நின்றது. வலதுபக்கம் முழுக்க நசுங்கியிருந்தது. சித்தப்பா அதன் முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தார். அடி வாங்கத் தயாராகப் போய் நின்றேன்.

"நான் காலையிலயே பாத்துட்டேன் சித்தப்பா. ராட்டினத்துக்குப் போகணும்னு சொல்லாம விட்டுட்டேன்."

அவர் என் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தார். "சொல்லிட்டியேத்தா" என்றார். "பள்ளத்துல எறங்குறதுக்கு முந்தி நீ சொல்லிட்ட. சொல்லிட்ட, ஆத்தா." பெரிய ஆம்பிளை, தோள் குலுங்கக் குலுங்க அழுதார்.

பல வருஷம் கழித்து, சித்தப்பா காலமான பிறகு, சித்திதான் எனக்குச் சொன்னாள். விபத்துக்கு முந்தின நாள் கம்பத்து மாமா எங்கள் தோட்டத்துக்கு வந்திருக்கிறார். சக்கரத்தில் ஆயில் கசிகிறது, நாளைக்கு நிறுத்திவிட்டுச் சேர்ந்து பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறார். தோட்டத்தில் திராட்சை வெட்டு நடந்துகொண்டிருந்தது. கூடைகளுக்கு நடுவில் நின்றுகொண்டு சித்தப்பா, "கொஞ்சம்தான? ஞாயித்துக்கிழம பாத்துக்கிருவோம், நீ போயிட்டு வாப்பா" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். அதை அவர் சித்தியைத் தவிர ஒருவரிடமும் சொன்னதில்லை.

அன்று சாயங்காலம் எனக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? ஜீப் இப்படி நசுங்கிப் போச்சே என்றுதான் அழுகிறார் என்று நினைத்தேன். முதுகில் தட்டிக் கொடுத்து, "விடுங்க சித்தப்பா, பட்டறையில குடுத்துத் தட்டி நிமித்திரலாம்" என்றேன். அவர் தலையை ஆட்டினார். ஒரு பெரியவருக்கு ஆறுதல் சொல்லிவிட்ட பெருமையோடு நான் சாப்பிடப் போனேன்.