"கால எடுக்காதீங்க, டீச்சர்"

இன்று லீவு போட்டுவிட்டு மாத்தளையில் ஒரு கராஜுக்குக் காரைக் கொண்டுபோனேன். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே எஞ்சின் நின்றுவிடுகிறது. இதை வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடம் போகும் லக்கல காட்டுப் பாதையில் யானைக்கு முன்னால் நிற்க எனக்குத் தைரியம் இல்லை.

கராஜ் பாஸ் பொனட்டைத் திறந்தார். "புகைய திரும்ப எஞ்சினுக்குள்ள விடுற ஈஜிஆர் வால்வு மூடாம நிக்குது போல. நான் சொல்ற வரைக்கும் கால எடுக்காதீங்க, டீச்சர்."

மிதித்தேன். பொனட் மறைத்ததில் அவர் என்ன செய்கிறார் என்றே தெரியவில்லை. திடீரென்று எஞ்சின் இன்னும் சத்தமாக இரைந்தது. பயந்துபோய்க் காலை அசைக்கவே இல்லை.

"பாஸ்!"

பதில் இல்லை. ஹார்ன் அடித்தேன். யாரும் வரவில்லை. போன் எட்டாத மேசையில் கிடந்தது. பக்கத்துக் கடைகள் எல்லாம் பூட்டியிருந்தன. அப்போதுதான் உறைத்தது: வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை நேரம்.

முக்கால் மணி நேரம். கால் மரத்தே போய்விட்டது.

திரும்பி வந்த பாஸ் தலையில் கைவைத்தார். "அல்லாஹ்வே, இன்னும் மிதிச்சிட்டா இருக்கீங்க? வால்வ திறக்கிற வேக்குவம் குழாய கழட்டினதுமே எஞ்சின் சரியாயிடுச்சே! சொல்லிட்டுத்தானே போனேன், கேக்கலயா?"

காலை எடுத்தேன். எஞ்சின் சமர்த்தாக ஓடியது.

"இப்ப சரியான சூடு. ஆறின பொறகுதான் வால்வ கழட்டி கரிய சுத்தம் பண்ண ஏலும். இருங்க."

இருக்கிறேன். கராஜிலிருந்துதான் இதை எழுதுகிறேன்.

"சொன்னதை மட்டும் செய்" என்று பதினெட்டு வருடமாக வகுப்பில் கத்துகிறவள் நான். திங்கட்கிழமை பிள்ளைகளிடம் என்ன சொல்லட்டும்?